ஹிக்கரி சந்தில் மாறிப்போன பூட்டு

காலி வீடென்று நன்றாகத் தெரிந்தாலும் வெர்னா ஸ்டக்கி கதவைத் தட்டாமல் நுழைய மாட்டார். "வெர்னா வந்திருக்கேன், வீட்டுக்கடன் ஆபீஸ்லருந்து. உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுக் காது கொடுத்து நிற்பார். இண்டியானாவின் ஜனவரிக் குளிரில் பக்கத்தில் நிற்கிற எனக்குக் கால் மரத்துப்போகும். சில வீடுகள் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்பார். அதன்பிறகுதான் சாவியை எடுப்பார். கடனைக் கட்ட முடியாமல் அரசின் கைக்கு வந்த வீடுகளுக்கு எங்கள் வட்டாரத்தில் ஒரே மாதிரிப் பூட்டுதான் போடுவார்கள். ஒரு சாவி எல்லாவற்றையும் திறக்கும்.

சோளக்காட்டு ஊரிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆளாக அந்த ஆபீசில் சேர்ந்த எனக்கு வேலையைப் புரியவைத்தது ஹிக்கரி சந்து என்ற தெருதான். அரசு பொறுப்பேற்கும் கடனில், வீட்டு விலையில் ஒரு சிறு பங்கை வாங்குகிறவர் முன்பணமாகப் போடவேண்டும். சொந்தக்காரர் கொடுத்து உதவலாம்; விற்கிறவர் கொடுக்கக்கூடாது. இந்தச் சந்தின் வீடுகளைக் கட்டி விற்றவரோ ஓர் அறக்கட்டளைக்குப் பணம் கொடுத்து, அதன் வழியாக எல்லோருக்கும் முன்பணத்தை 'அன்பளிப்பாக' வாங்கித் தந்தார். கொடுத்ததை வீட்டு விலையிலேயே ஏற்றிவிட்டார். வாங்கிய அன்றே வீட்டின் மதிப்பைவிடக் கடன் பெரிது. விற்றும் கடனை அடைக்க முடியாதவர்கள் வெளியேற, ஒவ்வொரு வீடாக விளக்கணைந்தது.

அதே சந்தில், அதே அன்பளிப்பில் வாங்கிய வீட்டில்தான் வெர்னா தனியாகக் குடியிருந்தார். தவணை தவறியதே இல்லை. இந்தச் சந்தின் கடன்களை ஆராய்ந்து அறிக்கை எழுதும் வேலை அவரிடம் வந்த முதல் நாளே இதை மேலாளர் ராய்ஸிடம் சொல்லி, வேறு ஆளைப் போடச் சொன்னார்.

"நல்லதாப் போச்சு, பெட்ரோல் மிச்சம்" என்று ராய்ஸ் சிரித்தாராம்.

வெர்னா உள்ளதை எழுதினால் சந்தின் விலைகள் பொய் என்று பதிவாகும். அவருடைய வீட்டையும் பிறகு யாரும் கடனுக்குச் சமமாக வாங்க மாட்டார்கள். வயதான காலத்துக்கு அவரிடம் இருந்தது அந்த வீடு மட்டும்தான். அறிக்கையின் கடைசிப் பக்கத்தை எழுதாமலே வைத்திருந்தார்.

ஒரு மாலை பனி கொட்டியதால் அவரை நான் என் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வரிசையாக ஒரே அச்சு வீடுகள், ஒன்றிலும் வெளிச்சமில்லை. அவர் தன் வாசலில் சாவியைப் போட்டுத் திருப்பினார். திரும்பவில்லை. பனி ஏறியிருக்கும் என்று நான் துடைத்துக் கொடுத்தேன். துடைத்ததும் புதுப் பூட்டு பளபளத்தது. ஜன்னலில் ஆளில்லா வீடு என்ற தாள் ஒட்டியிருந்தது. பூட்டு மாற்றும் ஒப்பந்தக்காரன் பக்கத்து வீடென்று நினைத்து இங்கே வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

வெர்னா கைப்பையிலிருந்து ஆபீஸ் சாவியை எடுத்தார். பூட்டருகே கொண்டுபோனவர் கையை இறக்கிக்கொண்டு, தன் வீட்டுக் கதவையே தட்டினார்.

"வெர்னா வந்திருக்கேன். உள்ள யாராவது இருக்கீங்களா?"

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. வழக்கம்போலக் காத்து நின்றார். உள்ளே எதுவோ நகர்ந்தது போலிருந்தது. கூரையிலிருந்து சரிந்த பனியாகவும் இருக்கலாம்.

சாவி சுலபமாகத் திரும்பியது. தண்ணீரை அடைத்திருந்தார்கள். குழாய் உறையாமலிருக்க ஊற்றும் இளஞ்சிவப்புத் திரவம் கழிப்பறையில் தேங்கியிருந்தது. சமையல் மேடையில் காலையில் அவர் குடித்த காப்பிக் கோப்பை அப்படியே இருந்தது. கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"கடைசிப் பக்கத்தை எழுதிரலாம் தம்பி. நான்தான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். வீடு முடிவு பண்ணிருச்சு."

அந்த வாரமே அறிக்கை போனது. அதன்பிறகு அவர் வீட்டை யாரும் விலைக்குக் கேட்டு வரவில்லை. தண்ணீரைத் திறந்துவிட ஆள் வந்தான். பழைய பூட்டைப் போட்டுத்தர அவன் தயாராக இருந்தும் வெர்னா வேண்டாமென்றுவிட்டார். ஓய்வு பெறும்வரை ஆபீஸ் சாவியாலேயே தன் வீட்டைத் திறந்தார். ஒவ்வொரு மாலையும் தட்டிவிட்டுத்தான் திறந்தார்.

தட்டுவது எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"யாராவது பதில் சொல்லிட்டா, தப்பு வீடுன்னு திரும்பிப் போயிரலாம் பாரு."