பச்சைக் கட்டம்

தொற்றுக் காலத்தில்தான் நான் பெரிய மனிதன் ஆனேன். அதுவும் இடுப்பில் கட்டிய சாரத்தோடு.

புலம்பெயர்ந்த நாட்டில் எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தைப் பூட்டியாயிற்று. தனியாக இருக்கும் முதியவர்களுக்கு வாராவாரம் போன் எடுத்து, தேவையான சாமான்களைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு குழு சேர்ந்தோம். கூட்டமெல்லாம் சூமில். மேலே இஸ்திரி போட்ட சேட்டும் கீழே சாரமுமாக உட்கார்ந்துகொண்டு, "இதை முறைப்படி செய்யவேணும்" என்று நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். உடனே அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கும் அது உள்ளூரப் பிடித்திருந்தது.

இரண்டு நாள் மினக்கெட்டு இணையத்தில் ஒரு பட்டியல் செய்தேன். பெயர், முகவரி, பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: ஏதும் தேவையா? ஓம் என்றால் கட்டம் சிவப்பாகும், சாமான் கொடுப்பவர்கள் ஓடுவார்கள். இல்லை என்றால் பச்சை. பச்சையைப் பார்த்து நான் பட்ட பெருமையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

என் பங்குக்கு எட்டுப் பேர். அதில் ஓர் அம்மா ஆற்றுக்கு அக்கரையில், சென்ட் லோரன்ட் பகுதியில் மூன்றாம் மாடியில் தனியே இருந்தார். மகன் லண்டனில். முழங்கால் வருத்தம் வேறு. கடைக்குக் கூட்டிப்போகிற பக்கத்து வீட்டுப் பெண்ணும் தன் மகளோடு இருக்கப் போய்விட்டாள்.

"அம்மா, ஏதும் தேவையோ?"

"ஒண்டும் வேண்டாம் தம்பி. நீங்கள் கவனமா இருங்கோ."

பச்சை.

"என்ன சமையல்?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்பேன். கஞ்சி என்பார். அடுத்த வாரமும் கஞ்சி. மூன்றாம் வாரமும் கஞ்சி. நான் சூம் கூட்டத்தில், "எங்கட வயதான ஆக்கள் இப்ப உடம்பை நல்லாக் கவனிக்கினம்" என்று அறிவித்தேன். நாலைந்து பேர் கைதட்டும் படம் போட்டார்கள்.

அந்த அம்மாவின் கஞ்சியையும் சேர்த்து இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னபோது அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"எத்தினை தரம் கேட்டனீங்கள்?"

"ஒவ்வொரு போனிலயும் ஒருக்கா. அவ வேண்டாம் எண்டுதானே சொன்னவ."

"எங்கட வீட்டுக்கு வாற ஆக்கள் தேத்தண்ணி வேண்டாம் எண்டால் நான் போடாமல் விடுறனானோ? முதல் தரமே ஓம் எண்டு சொல்லுற சனமோ நாங்கள்? அங்க அரிசி மட்டும்தான் மிச்சமிருக்கு போல. அதுதான் கஞ்சி."

நானே எந்த வீட்டிலும் இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தரம்தான் கோப்பையை வாங்குகிறவன். அதை மறந்து ஒரு கட்டம் கீறி, அதற்கு நிறமும் பூசியிருந்தேன். உடனே போன் எடுத்தேன்.

"அம்மா, பருப்பு இருக்கோ?"

"அது பேந்து பாப்பம் தம்பி."

"மரக்கறி?"

"தனி ஆளுக்கு எதுக்கு?"

"பிரஷர் குளிசை?"

குளிசைப் போத்தலைக் குலுக்கிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"பாதி பாதியா உடைச்சுப் போடுறன். நாளையோட முடியுது."

குளிசையை என்னிடம் கொடுக்கும்படி மருந்துக்கடைக்கு அவரையே போனில் பேசச் சொல்லிவிட்டு, ஆற்றுக்கு இக்கரையில் நாங்கள் இருக்கும் புரோசார்டிலிருந்து காரை எடுத்தேன். பாலம் முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு போனேன். குளிசை, பருப்பு, மரக்கறி, சீனி, பால்மா எல்லாம் வாங்கிக்கொண்டு மூச்சு வாங்க மூன்று மாடி ஏறினேன். ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போகக்கூடாத நாட்கள் அவை. பூட்டிய கதவுக்கு வெளியே ஒரு கதிரை. அதன்மேல் சாசரால் மூடிய தேத்தண்ணிக் கோப்பை.

பைகளை இறக்கி வைத்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, அது உங்களுக்குத்தான். குடியுங்கோ."

"வேண்டாம் அம்மா."

"ஒரு வாய் குடியுங்கோ."

"இல்லை அம்மா, காலம் சரியில்லை."

"மூண்டு மாடி ஏறி வந்தனீங்கள். குடிச்சிட்டுத்தான் போகவேணும்."

கோப்பையை எடுத்துக்கொண்டு படியில் போய் உட்கார்ந்தேன். மாஸ்க்கை இறக்கிவிட்டுக் குடித்தேன். நல்ல சூடு. பால் இல்லை, சீனி இல்லை. பால்மாவும் சீனியும் மூன்று வாரம் பிந்தி, அப்போதுதான் அவர் கதவடியில் வந்து இறங்கியிருந்தன.