குசினி அலுமாரிக்குப் பச்சைப் பெயின்ற்

இன்று அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள்.

அதற்காகக் குசினியில் அடுப்புப் புகையால் கரி பிடித்துக் கிடந்த பழைய மர அலுமாரியைப் சொரசொரப்பான பராய் இலையால் தேய்த்து, மாட்டு வண்டிக்குப் பூசி மிஞ்சிய பச்சைப் பெயின்றைக் காலையில்தான் பூசி முடித்தேன்.

மாப்பிள்ளையின் தாய் குசினியையும் பார்க்க வந்தார். அலுமாரியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"அலுமாரி வடிவாத்தான் இருக்கு. பெட்டைதான் கறுப்பு. மிச்சப் பெயின்ற் கிடந்தா அவளுக்கும் ஒருக்காப் பூசிவிடுங்கோவன்."

அம்மாவும் கூடச் சிரித்தார். அக்கா தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றாள்.

பிறகு மாப்பிள்ளையின் தாய் சந்தன நிறப் பட்டுச் சேலையோடு அந்த அலுமாரியில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, சீதனக் கதையைத் தொடங்கினார்.

பெயின்ற் இன்னும் காயவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் வந்தவர்கள் முன்னால் நான் வாய் திறக்காத பிள்ளை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்தானே?