நைனா முகம் கழுவிய நாள்

முகத்தில் பூசும் முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைக்கும்போது ஒரு வாசனை வரும். மற்ற வீடுகளில் காலையில் "நாஷ்டா" வாசனை என்றால் எங்கள் வீட்டில் அதுதான். நைனா நாடகத்தில் ராஜபார்ட் போட்டவர். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆரம்பாக்கத்தில் அடுத்தவர் "கயினி"யில் தலைமுறையாகச் சேறு மிதித்த குடும்பம் எங்களுடையது. இனி அந்த வரப்பில் கால் வைக்கமாட்டேன் என்று மீசை முளைக்கும் முன்னே நாடகக்காரர்களோடு கிளம்பிப்போய், ஊர் ஊராகக் கிரீடம் வைத்துப் பாடிக்கொண்டிருந்தவருக்கு, ஒரு மழைக்காலத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. கட்டினது கட்டினதுதான்.

பாடாத ராஜாவை யார் கூப்பிடுவார்கள்? கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் ஓர் இடம் பிடித்து, பழைய கேமரா ஒன்றை வாங்கி, நாடகத்து அரண்மனைப் படுதாவைச் சுவரில் மாட்டி, போட்டோ ஸ்டுடியோ திறந்துவிட்டார். பின்னாலேயே நாங்கள் குடியிருந்தோம். அம்மாவுக்குப் பயம்.

"இதுவும் படுத்துக்கினா மறுபடி கயினிதான், பாத்துக்கோ."

"போவமாட்டேன்டி" என்பார் நைனா, கரகரத்த குரலில்.

அரிதாரம் இல்லாத முகத்தோடு சபைக்கு முன்னால் நிற்கக்கூடாது என்பது நாடகக்காரர் வழக்கம். நைனாவுக்குச் சின்ன வயதில் அம்மை வார்த்து முகமெல்லாம் குழி. ஆனால் கடைத்தெருவில் அதைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை, மெல்லிசாகப் பூசிக்கொண்டுதான் கடை திறப்பார். படம் எடுக்க வருபவருக்கும் அதே வழக்கம்தான்: முகத்துக்கு வெள்ளை பூசி, புருவம் தீட்டி, மீசை இல்லாதவருக்கு மீசை வரைந்து, "நெஞ்சை நிமிர்த்து, ஒரு புருவத்தை மட்டும் தூக்கு" என்று சொல்லித்தான் எடுப்பார். எனக்கு ஆள் முன்னால் நிற்கவே கூச்சம் என்பதால் படுதாவுக்குப் பின்னால் நின்று எல்லாம் பார்ப்பேன்.

அப்போதுதான் எங்கள் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. அதுவரை கயினி வேலை செய்தவர்களெல்லாம் ஆளெடுப்புக்குப் போய், "கேட் பாஸ்" அட்டைக்குப் போட்டோ வேண்டும் என்று கடையில் வந்து நின்றார்கள். நைனாவுக்குக் கொண்டாட்டம். ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பூசினார், தீட்டினார், பிலிமில் இருந்த தழும்பைக்கூடப் பென்சிலால் மறைத்தார். மறுநாள் கம்பெனிக்குப் போனவர்கள் போன வேகத்தில் திரும்பி வந்து கடை வாசலை அடைத்துக்கொண்டார்கள். முன்னால் எங்கள் தெரு ஏழுமலை.

"இன்னாண்ணே, வேலைக்குப் போட்டோ கேட்டா கூத்துக்கு எடுத்துக் குட்த்துக்கிற? இந்த மகராசன் எங்க, நீ யாருயான்னு கேக்கறான் வாட்ச்மேன்!"

எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் சிரிப்பில் தெம்பு இல்லை. விடிந்தால் சரியான படத்தோடு வாசலில் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்களாம்.

"கயினிக்காரர்கிட்ட இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேண்ணே" என்றார் ஏழுமலை, குரல் இறங்கி.

அந்தப் பேச்சு நைனாவை எங்கே தைத்ததோ, மளமளவென்று ஒரு ஸ்டூலைத் தெருவில் வெயிலில் போட்டு, பின்னால் வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டார். ஏழுமலை உட்கார்ந்தார். கேமராவைப் பார்த்ததும் நெஞ்சு தானாக நிமிர்ந்தது, புருவம் ஏறியது. மற்றவர்களோ முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்கள்.

"பேஜாரா கீதுண்ணே. கொஞ்சமா பவுடராவது போடு. இப்டியேவா?" என்றார் துண்டுக்குள்ளிருந்து ஒருவர்.

நைனா தெருக்குழாய்க்குப் போய், சோப்பு போட்டு முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வெள்ளையும் மையும் கலந்து சாம்பல் நிறத்தில் தண்ணீர் ஓடியது.

"ஐயோ, உள்ள வாய்யா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் அம்மா.

நைனா கடைத்தெரு பக்கமே திரும்பி நின்றார்.

"இதான்யா என் மூஞ்சி. நல்லா பாத்துக்குங்க. இப்ப உங்களத காட்டுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஏழுமலையின் புருவம் தானாக இறங்கியது. துண்டுகள் ஒவ்வொன்றாக விலகின. உதட்டில் வெட்டுக்காயம், நெற்றியில் சுருக்கம், வெயிலில் கறுத்த கன்னம் என்று இருந்தது இருந்தபடி வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள்.

மறுநாள் வாட்ச்மேன் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். முத்துவெள்ளை டப்பாவை நைனா அதற்குப்பின் திறக்கவே இல்லை. வெறும் முகத்தோடு கடை திறந்தார், கம்பெனிகள் வர வர ஆட்களும் வந்தார்கள். கடைசிவரை வரப்பில் அவர் கால் படவில்லை.

அந்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை செய்யும் என் பேரனுக்கு வாசலில் இருக்கும் மிஷினே முகத்தைப் பிடித்துக்கொள்கிறதாம். பேத்தி போனில் என்னைப் படம் எடுத்தால் அது தானாக வெள்ளை பூசிவிடுகிறது. "அத்த எடுத்துட்டு, நான் கீறாப்புலயே எடும்மா" என்பேன்.

வீட்டில் மாட்டியிருக்கும் நைனா படத்தில் கிரீடம் இருக்கிறது, தீட்டிய புருவம் இருக்கிறது, கன்னம் வழவழவென்று இருக்கிறது. ஊரையெல்லாம் உள்ளபடி எடுத்தவர் கேமராவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார். அவரை உட்காரவைத்து எடுக்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் கூச்சத்தை விட்டு இதை எழுதுகிறேன். இடது கன்னத்தில் குழிகள் நெருக்கமாக இருக்கும். மூக்கோரம் ஒன்று பெரிசு. அன்று தாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளாமல் எல்லோரையும் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.