சத்தம் போடாத சக்கரம்

பேத்தி அடுப்பில் காணம், அதுதான் கொள்ளு, வேகவைக்கிறாள். அந்த வாசனைக்கே பாறசாலை ஸ்டேஷன் வாசலில் நின்ற தாசையன் மாமாவின் குதிரை வண்டி நினைவு வந்துவிட்டது. என்ன அழகு வண்டி! அதன் இரும்புப் பட்டைச் சக்கரம் கடகடவென்று தெருவையே எழுப்பும். மாமா அதைக் கழற்றி ரப்பர் டயர் மாட்டிய அன்றுதான் அம்மாவுக்குப் பேறுகால வலி வந்தது. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பழகிய சத்தம் பின்னால் கேட்காததால் குதிரை திரும்பித் திரும்பிப் பார்த்து, நடுரோட்டில் நின்றுவிட்டது.

"பின்னால வண்டி உண்டு, போ மக்கா!" என்று மாமா கெஞ்சினார்.

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, வெந்நீர்த் தூக்குவாளியைக் கரண்டியால் கடகடவென்று தட்டினாள். குதிரை பறந்தது.

ஆஸ்பத்திரி வந்ததும், "போதும் அக்கா, நிறுத்துங்க," என்றார் மாமா.

"சும்மா இருலே, இந்தச் சத்தத்துக்குப் பிள்ளையும் நல்லா ஓடி வருது!" என்றாள் அம்மா.

தம்பி பிறந்த பிறகுதான் கரண்டியைக் கையிலிருந்து வாங்க முடிந்தது.