கழித்துப்போட்ட மத்தி

தொண்ணூறுகளின் நடுவில் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் விலங்கியல் எம்.ஃபில். படித்தேன். கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல் மீனை ஆராய்ந்த அதிமேதாவிகள் நானும் என் தோழியும்தான். குடலில் புழு இருக்கிற மத்தி, இல்லாத மத்தியைவிட மெலிந்திருக்குமா என்பது என் கேள்வி. அவள் அந்தப் புழுக்களையே ஆராய்ந்தாள். அப்பா எனக்கு ஒரு வருடம் கொடுத்திருந்தார். அதற்குள் முடித்தால் மேலே படிக்கலாம், இல்லையென்றால் கல்யாணம்.

சனிக்கிழமை காலையில் சிங்காநல்லூர் போவேன். கேரளாவிலிருந்து லாரியில் ஐஸ் போட்டு வந்த மத்தியை ஒரு அக்கா கூடையில் வைத்து விற்பார். "பொறுக்காம, கைக்கு வந்ததை அள்ளிப் போடுங்கக்கா" என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். ஆய்வகத்தில் ஒவ்வொன்றாக நிறுத்து, நீளம் அளந்து, வயிற்றைக் கீறிப் புழுவை எண்ணுவேன். எல்லாம் கொழுகொழுவென்றே இருந்தன. புழு அபூர்வம், அது கிடைத்த மீனும் கொழுத்துத்தான் இருந்தது. புழுவால் மத்தி மெலிவதில்லை என்று முடிவு கட்டி, தலைகால் புரியாமல் எழுத ஆரம்பித்தேன்.

பக்கத்து மேசையில் தோழியின் தட்டில் மட்டும் புழு குவியும். "உனக்கு மட்டும் எப்படிடி?" என்றால், "என்னுது உக்கடம் மார்க்கெட் மீனு" என்பாள். விடுதியில் ஒரே அறை, ஒரே சோப்பு. அவள் சொன்ன எதை நான் நம்பாமல் இருந்தேன்?

கடைசி மாதம் ஒரு சனிக்கிழமை பஸ் சீக்கிரம் கிடைத்துவிட்டது. நான் போனபோது அந்த அக்கா குனிந்து, மெலிந்த மீன்களை எடுத்து வேறொரு கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கக்கா, என்ன பண்றீங்க?"

"உங்களுக்குத்தானுங்க அம்மணி. படிக்கற புள்ளைக்கு நோஞ்சான் மீனைக் குடுப்பனுங்களா? எப்பவுமே நல்லதா எடுத்து வெச்சுப்போட்டுத்தான் மறுவேலை."

"எப்பவுமேவா?"

"ஆமாங்க. கழிச்சதும் வீணாப் போறதில்லீங்க. உங்க சிநேகிதி, நீங்க போனதும் வந்து மொத்தத்தையும் வாங்கீட்டுப் போயிருவாங்க. நல்லதெல்லாம் உங்களுக்குன்னு அவங்களுக்கும் தெரியுமுங்க."

அந்த அக்காவின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பிரியத்தில் செய்தவர். ஆனால் இன்னொருத்தி தெரிந்தே செய்தவள்.

நேராக ஆய்வகத்துக்குப் போனேன். "அந்தக்கா தெரியாமப் பண்ணுனாங்க. நீ எதுக்குடி வாயை மூடீட்டு இருந்தே?"

அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொல்லியிருந்தா நீ கலந்து வாங்குவே. எனக்குப் புழு குறைஞ்சு போயிருமில்ல?"

அதைச் சொன்ன நிதானம் இருக்கிறதே, அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இருந்தும் கெஞ்சினேன். அவளும் ஒவ்வொரு மீனையும் நிறுத்து, அளந்து நோட்டில் எழுதியிருந்தாள். என் கொழுத்த மீனையும் அவளுடைய மெலிந்த மீனையும் சேர்த்தால் அந்தக்காவின் கூடை மறுபடி முழுதாகிவிடும். என் ஆய்வு பிழைத்துவிடும். "நோட்டை ரெண்டு நாள் குடுடி. உன் உதவின்னு எழுதீர்றேன்."

"பாக்கறேன்" என்றாள்.

சாயங்காலம் அறைக்குப் போனேன். நாங்கள் இருவரும் துணி வைத்திருந்த அலமாரியில் புதுப் பூட்டு தொங்கியது. நோட்டும் உள்ளே, என் துணிமணியும் உள்ளே. அவள் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. கட்டியிருந்த சேலையோடு பஸ் ஏறி ஊருக்குப் போய், மாப்பிள்ளை பார்க்கச் சொல்லி அப்பாவிடம் சொன்னேன்.