வாளின் நுனி

சூரிச்சில் ஒரு சிறிய அருங்காட்சியகம். ஜப்பானிய மர அச்சுப் படங்கள் மாட்டிய அறையில் நிற்கிறேன். கபுகி நாடக நடிகர்கள் இருவர், ஆளுக்கொரு தாளில், சண்டைக்கு நிற்கிறார்கள். ஒருவர் கண்ணை உருட்டி வாளை நீட்டுகிறார். மற்றவர் பல்லைக் கடிக்கிறார். ஆனால் இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரை முறைக்கிறார்கள். இதுதான் ஜப்பானியக் கலையின் நுட்பம் என்று சென்னை நண்பனிடம் ஃபோனில் அளந்துகொண்டிருக்கிறேன்.

இரண்டு படங்களுக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி அம்மாள் என் தமிழைக் கேட்டு எழுந்து வருகிறார்.

“தம்பி, இஞ்சை ஃபோன் கதைக்கக் கூடாது. மற்றது, அது நுட்பமில்லை. சுவரிலை படத்தை இடம் மாறிக் கொழுவிப்போட்டினம். வாளின்ரை நுனி எங்கை எண்டு பாருங்கோ.”

பார்க்கிறேன். வாள் தன் தாளின் இடது விளிம்பில் அறுந்து நிற்கிறது. நுனி மட்டும் மற்றத் தாளின் வலது ஓரத்தில் தனியாக நீட்டிக்கொண்டிருக்கிறது.

“மேலே சொல்லலையாக்கா?”

“காலமை சொன்னனான். படிச்ச ஆக்கள் கொழுவினது, பிழை வராது எண்டு சொல்லிச்சினம். நான் மூண்டு நாளா இதுக்கு முன்னாலதானே இருக்கிறன்? கூட்டிக்கொண்டு வந்து காட்டினன். இப்ப வருவினம்.”

வருகிறார்கள். வெள்ளைக் கையுறை போட்ட இருவர் படங்களைக் கழற்றி இடம் மாற்றுகிறார்கள். வாள் முழுசாகிறது. நடிகர்களின் கண்கள் நேருக்கு நேர் மோதுகின்றன.

அக்கா நடுவில் கிடந்த தன் நாற்காலியைத் தூக்கி ஓரமாகப் போடுகிறார்.