குழிக்காரி ஆடிய கடைசிக் குழி

கோல்ஃப் மைதானம் என்றதும் பெரிய மனிதர்கள் உலாத்தும் புல்வெளி என்று நினைத்துவிடாதீர்கள். ஆளைக் கவிழ்ப்பதற்கென்றே அமைத்த இடம் அது. மொத்தம் பதினெட்டு குழிகள், ஒவ்வொன்றுக்கும் தனிப்பாதை. ஒரு முனையில் அடிக்கத் தொடங்கும் மேடை. அங்கிருந்து ஒட்ட வெட்டிய நீளப் புல்பாதை, இருபுறமும் பந்தை விழுங்கும் உயரப் புல். போதாக்குறைக்குக் குளமும் மணல் பள்ளமும். மறுமுனையில் வழவழவென்று ஒரு புல்தரை, அதில் கொடி, கொடியின் அடியில் குழி. குறைந்த அடியில் பந்தை உள்ளே போடுபவருக்கு வெற்றி.

அந்தக் குழியை வெட்டுவது என் மனைவி. ஒரே இடத்தில் இருந்தால் சுற்றிலும் புல் மிதிபட்டுச் செத்துவிடும். அதனால் தினமும் காலையில் பழைய குழியை மூடிவிட்டு வேறு இடத்தில் வெட்டுவாள். அங்கேயே புல்வெட்டும் வண்டி ஓட்டும் என் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் குழிக்காரி. போன வருடம் ஊழியர் போட்டியில் அவளைத் தோற்கடித்ததிலிருந்து அவர் வாய் ஓயவில்லை.

"குழிக்காரிக்குக் குழி வெட்டத்தான் தெரியும், பந்து போடத் தெரியாது" என்று சாப்பிடும்போதுகூடச் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இந்த வருஷம் நான் ஜெயிச்சா அந்தப் பேரை விட்டுடணும் மாமா" என்றாள் அவள். அண்ணன் தலையாட்டினார்.

போட்டியன்று காலை கடைசிக் குழியை எங்கே வெட்டினாள் தெரியுமா? மணல் பள்ளத்துக்கு மேலே, சரிவில்.

"உங்க அண்ணன் கண்ணை மூடிக்கிட்டு அடிப்பாரு. போய் மணல்ல விழட்டும்" என்றாள்.

பதினேழு குழி முடிந்தபோது இருவரும் சமம். கடைசியில் மணலில் விழுந்தது யார்? இவளேதான். அண்ணனின் பந்து அதே எண்ணிக்கை அடியில் புல்தரைக்குப் போய்ச் சொகுசாக உட்கார்ந்துவிட்டது.

"யாருக்கும்மா வெட்டுன இதை?" என்று சிரித்தார்.

அவள் பள்ளத்தில் இறங்கினாள். தினமும் அவளே வாரிவிடும் மணல். ஒரு பிடி மணலோடு சேர்த்து அடித்தாள். பந்து எழும்பிக் கொடியைத் தாண்டி மேலே விழுந்தது. போச்சு என்று நினைத்தேன். சரிவில் திரும்பி மெல்ல உருண்டு வந்து குழிக்குள் போனது.

அண்ணன் ஒரே தள்ளில் போட்டால்தான் சமன். தள்ளினார். சரிவு பந்தைக் குழியின் ஓரமாக இழுத்துக்கொண்டு போய் மணலிலேயே தள்ளிவிட்டது.

நான் போட்ட சத்தத்தில் குளத்து வாத்துகள் பறந்தன. அண்ணன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"சரிம்மா, ஒத்துக்கறேன். இனிமே அப்படிக் கூப்பிடல."

அவள் முகத்தில் ஒட்டிய மணலைத் துடைத்தாள். "இல்ல மாமா, இப்பதான் அந்தப் பேரு எனக்குப் பிடிச்சிருக்கு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஒரு தடவை கூப்பிடுங்க."

அண்ணன் கூப்பிட்டார். கூடி நின்ற ஊழியர்கள் அத்தனை பேரும் சேர்ந்து கூப்பிட்டார்கள்.